துண்டு போட்ட சீட்

சின்னராஜ் போனுக்குள் ஓட்டிய பஸ்ஸில் முதலில் ஏறினவர் கரடியூர் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஞானசுந்தரம். கார்த்திகை மாசம் ஒரு சாயங்காலம் ஏறினார், இன்னும் இறங்கவில்லை. அந்த வாரம் மிளகு விலை கொஞ்சம் ஏறியிருந்தது, ஆரஞ்சு வரத்து குறைந்திருந்தது, காற்று பலமாக இருந்ததால் ஏரியில் படகு விடவில்லை, ரைட்டர் பஸ் ஏறிப்போனார். ஏற்காடு மலையில் நடந்தது இவ்வளவுதான். சேலத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் வெயிலைத் தவிர வேறு எதுவும் இறங்குவதில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்.

சின்னராஜ் கிளியூர்க்காரர். ஏற்காட்டிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போகிற மினி பஸ்ஸை, மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது நரைக்கும்வரை ஓட்டியவர். வாய் ஓயாது. யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வண்டியில் ஒரு சட்டம் இருந்தது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான், துண்டை எடுத்துக் கடாசிவிட்டு உட்காருகிற தடியன்களும் எல்லா ஊரிலும் உண்டு. சின்னராஜ் வண்டியில் அது நடக்காது. நடக்காதது மட்டுமில்லை, சீட்டில் துண்டு கிடந்தால் அதைப் போட்டவர் வந்து உட்காரும்வரை வண்டியே நகராது. மலையில் அந்த வண்டியை விட்டால் அப்புறம் நடைதான் என்பது அவருக்குத் தெரியும். போட்டவர் கடையில் சீயக்காய் வாங்கிக்கொண்டிருப்பார், இல்லை சம்பந்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். ஒருமுறை ஒரு பெரிய எஸ்டேட்டின் மேனேஜரே உட்கார்ந்து வாட்சைத் தட்டித் தட்டிக் காட்டினார். சின்னராஜ் இஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்மேல் கையைப் போட்டுக்கொண்டு, "துண்டு போட்டவங்க வந்துரட்டுமுங்க" என்றார். அதற்கு அப்பீல் கிடையாது.

இடது கண்ணில் பார்வை மங்கி, லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் போனபோது அவர் வீட்டில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தாலும் பரவாயில்லை. கட்டில் விளிம்பில் டிரைவர் சீட்டில் இருப்பதுபோல் இருந்துகொண்டு, சுவரைப் பார்த்துக் கியர் மாற்றினார். அவர் பெண்டாட்டி சிவசக்தி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். பார்க்கச் சகிக்காமல், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிற பைசலிடம் போய் நின்றாள். பைசல் கெட்டிக்காரன். நம் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அச்சு அசலாக வைத்து யாரோ ஒரு புண்ணியவான் செய்திருந்த பஸ் கேமை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தான். "ஓட்டறத அப்படியே ரெக்கார்ட் பண்ணுங்கண்ணே. பஸ்ல பேசுவீங்கல்ல, அதையே பேசுங்க, போதும். கேக்கறதுக்கு ஆள் இருக்குது" என்றான். காலரில் மாட்டுகிற மைக்கும் கொடுத்து, 'மலைவண்டி சின்னராஜ்' என்று சானலும் ஆரம்பித்து வைத்தான். பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தம் விழக்கூடாது என்று சின்னராஜ் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதற்குள் வண்டி ஓட்டினார். ஏர் ஹாரனை வாயாலேயே அடித்தார். வேர்த்து விறுவிறுத்து அவர் வெளியே வந்தபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துச் சிவசக்திக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த கேமில் ஒரு குறை இருந்தது. செய்தவன் ரோட்டைச் செய்தான், சில்வர் ஓக் மரத்தைச் செய்தான், வளைவுச் சுவரில் உட்காரும் குரங்கைக்கூடச் செய்தான், ஜனங்களைச் செய்யாமல் விட்டுவிட்டான். ஸ்டாப்பில் ஆள் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் பிரேக்கைப் பற்றி, வளைவைப் பற்றிப் பேசிப் பொழுதை ஓட்டியிருப்பார்கள். சின்னராஜுக்குக் காலி வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்தி, கதவைத் திறந்து, தெரிந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் வீடியோவில் ரைட்டரை. "ஏனுங்க ஞானசுந்தரம், கொடைய மடக்கிட்டு ஏறுங்க, ஜன்னலோரம் எடம் இருக்குது." இரண்டாவதில் பைசலின் அம்மா மைமூனை. "மைமூனம்மா, கூடைய மேல வெச்சுட்டு உக்காருங்க. நொம்ப நேரம் நின்னா முட்டி வலிக்குமுங்க." மூன்றாவதில் தன் பெண்டாட்டியையே கூப்பிட்டார். "சிவா, நீயும் ஏறு அம்மிணி. சேலம் போயிட்டு வரலாம்." பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் வந்துவிடும் என்று யாருக்குத் தோன்றும்? அன்றைக்கு எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள், ரைட்டர் உட்பட.

மூன்றாவது வீடியோ வந்த மறுநாள் ரைட்டர் களத்தில் நின்று பழம் எடை போட்டுக்கொண்டிருந்தார். மூடுபனி இறங்கியது. அது இறங்காத நாள் எது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பனிக்குள் ஒரு ஏர் ஹாரன் அடித்தது. நிஜ ஹாரன் இல்லை, ஒருத்தர் வாயால் அடிக்கிற ஹாரன். ரைட்டர் தலையைத் தூக்கி, பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் சொல்வதுபோல, "இதா வந்துட்டேனுங்க" என்றார். பனி விலகியபோது தராசு ஆடிக்கொண்டிருந்தது, ரைட்டரையும் குடையையும் காணோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சானலில் நாலாவது வீடியோ வந்தது. சின்னராஜ் போடவில்லை, அவர் அப்போது ரேஷன் கடையில் நின்றார். வீடியோவில் அதே பஸ், அதே ரோடு. ஜன்னலோரத்தில் மடக்கிய குடையோடு ஞானசுந்தரம் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பொம்மைக் கைகளில் ஒன்றில் இப்போது செம்புக் காப்பு இருந்தது. சின்னராஜ் கையிலும் அதே காப்புதான், அதே நெளிவோடு. "காத்தடிச்சா கண்ணாடிய ஏத்திக்குங்க ரைட்டரே" என்று அவர் குரலே சொன்னது.

எங்கெங்கோ இருப்பவர்கள் கமெண்ட் போட்டார்கள். கிராபிக்ஸ் சூப்பர் அண்ணா, அந்தப் பெரியவர் தத்ரூபமா இருக்கார், என்ன போன் அண்ணா யூஸ் பண்றீங்க என்று கேட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, வண்டி நம்பர் தெரியுமா என்று கேட்டார். ரைட்டரின் சம்சாரம், அவர் மப்ளர் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று அழுதாள். பைசல் மட்டும் தைரியமாக இருந்தான். எவனோ ஏஐயை வைத்து விளையாடுகிறான் என்று சொல்லி பாஸ்வேர்டை மாற்றினான். அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து மைமூன் காய்கறிக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். பைசல் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே, கம்பளி விரித்தாற்போல் பனி வந்தது, ஹாரன் அடித்தது. அவன் ஓடிப்போய்க் கையை நீட்டிய இடத்தில் ஈரக்காற்றுதான் இருந்தது. சாயங்கால வீடியோவில் ரைட்டருக்குப் பின் சீட்டில் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், கூடை மேலே இருந்தது, பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் ஏதோ கேட்டாள், சத்தம் வரவில்லை. சின்னராஜ் குரலில் பதில் மட்டும் வந்தது. "போலாமுங்க, போலாமுங்க. இன்னும் ஒருத்தங்க வரோணும்."

பைசல் கிளியூருக்கு ஓடி வந்து சின்னராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "எங்கம்மாவ எறக்கி வுடுங்கண்ணே" என்று கத்தினான். சின்னராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் ஓட்டல பைசலு. என்ற கொலதெய்வத்து மேல சத்தியமா நான் ஓட்டல" என்றார். அப்புறம் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்கள். சிவசக்தி அழவில்லை. மூன்றாவது வீடியோவில் கூப்பிட்டது யாரை என்று அவளுக்கு நினைவு இருந்தது. அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

கேமை அழித்தார்கள். சானலை அழித்தார்கள், மறுநாள் அது பழையபடி இருந்தது. சின்னராஜ் போனைக் கொண்டுபோய்க் கிளியூர் அருவியில் வீசினார். அடுத்த வீடியோவில் பின்னணியில் அருவிச் சத்தம் கேட்டதே தவிர வேறொன்றும் மாறவில்லை. குரல் தன்னுடையதுதானே, பேசாமல் இருந்தால் அதுவும் அடங்கும் என்று நினைத்து மனுஷர் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு இருந்தார். மலையிலேயே பெரிய வாயாடி அப்படிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கேலி பேசுகிறவர்கள்கூடப் பேசவில்லை. சேர்வராயன் கோயிலுக்குப் போனார்கள். குகைக்குள் சாமி கும்பிட்டுக் குனிந்து வெளியே வந்தால், வாசலில் பனி காத்துக்கொண்டிருந்தது, அதற்குள் இஞ்சின் உறுமியது. பூசாரியே பயந்து இவர்களை உள்ளே இழுத்துக்கொண்டார், பனி விலகும்வரை மூன்று பேரும் சாமிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

பனி இல்லாத ஊருக்குப் போய்விடலாம் என்று சேலத்தில் சிவசக்தியின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். முதல் நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் அண்ணி மேகலா போனைக் கொண்டுவந்து காட்டினாள். பஸ் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வளைவு போர்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ரைட்டர் அரைத் தூக்கத்தில் இருந்தார், மைமூன் காலி சீட்டில் கையை வைத்து யாருக்கோ இடம் காத்தாள். சாயங்காலத்துக்குள் சேலம் வந்துவிடும் என்று சின்னராஜ் வாய்க்கட்டை இறக்கிக் கணக்குச் சொன்னார், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சிவசக்தி எழுந்து பையை எடுத்தாள். "அண்ணன் ஊட்டு வாசல்ல வந்து அது நிக்க வேண்டாமுங்க. கொழந்தைங்க இருக்கற ஊடு. நாம மேலயே போயிரலாம்" என்றாள். புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் கிளம்பினாள்.

மேலே போகிற பஸ்ஸில் கூட்டம். ஒருத்தர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டுப் பழம் வாங்கப் போயிருந்தார். இன்னொருத்தர் வந்து துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தார். போட்டவர் வந்து சண்டை பிடித்தார், உன் பேர் எழுதியிருக்குதா என்று மற்றவர் கேட்டார், கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டார். மலையேறும்வரை சண்டை ஓயவில்லை. சின்னராஜ் வாய்க்கட்டுக்குள் முனகினார். என் வண்டியாக இருந்தால் இப்படி நடக்குமா என்பதுதான் அந்த முனகல், சிவசக்திக்கு அது தெரியும். அதுவரை ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, எப்போதும்போல் பழம் பறிக்கப் போனாள். சின்னராஜும் கூடப் போனார். அவள் முந்தானையைத் தன் வேட்டி முனையோடு முடிச்சுப் போட்டிருந்தார், கல்யாணத்தில் போட்டதைவிட இறுக்கமான முடிச்சு. ஒரு சாலில், அதாவது ஒரு செடி வரிசையில், பாதிவரை பறித்திருப்பார்கள், பனி வந்தது. பக்கத்துச் சாலில் இருந்த பெண்கள் ஹாரனைக் கேட்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காப்பிச் செடிகளுக்கு நடுவே, ஒரு கிளை ஒடியாமல், ஓர் இலை உதிராமல் பஸ் வந்து நின்றது. கதவு மடங்கித் திறந்தது. சின்னராஜ் வாய்க்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, போகாதே என்று கத்தப் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் பஸ்ஸுக்குள்ளிருந்து வந்தது. "சிவா, ஏறு அம்மிணி. நேரமாகுது."

முடிச்சு தானாக அவிழ்ந்தது. அவளுடைய வலது கால் அவளைக் கேட்காமல் படியில் ஏறியது. உள்ளே மைமூன் சிரித்தபடி நகர்ந்து இடம் விட்டாள். அப்போது சிவசக்தி தலைத் துண்டை உருவி, ஜன்னல் வழியாக அந்தக் காலி இடத்தில் வீசிப் போட்டாள். நேராகப் போய் விழுந்தது. "எடம் போட்டுட்டேனுங்க" என்றாள். "இந்தச் சால் இன்னும் பாதி கெடக்குது. முடிச்சுட்டு வந்தர்றேன். துண்டு கெடக்குது, நல்லாப் பாத்துக்குங்க."

இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. ரைட்டர் வாட்சைப் பார்த்தார். காப்புப் போட்ட கை கியரைத் தொட்டது, தயங்கியது, கியரை விட்டுவிட்டு ஸ்டியரிங்மேல் படுத்துக்கொண்டது. "துண்டு போட்டவங்க வந்துரட்டுமுங்க" என்றது குரல். அவள் காலைப் படியிலிருந்து எடுத்தாள். பனி விலகியபோது அவள் செடிகளுக்கு நடுவே ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தாள், புருஷன் அவளைக் கட்டிக்கொண்டு அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கினார்.

அன்றிலிருந்து சானலில் வருவதெல்லாம் நிற்கிற பஸ்தான். செடிகள், பனி, இஞ்சின் சத்தம், சீட்டில் ஒரு துண்டு. அதையும் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கிறார்கள், கேட்டால் தூக்கம் வருகிறதாம். இஞ்சின் இத்தனை நாள் ஓடியும் டீசல் தீரவில்லை. எஸ்டேட்டில் அந்தச் சாலின் கடைசிச் செடியை யாரும் பறிப்பதில்லை. வருஷா வருஷம் பழுத்து, உதிர்ந்து, முளைக்கிறது. சிவசக்தி முடித்துவிட்டாள் என்று ஆகிவிடக்கூடாது அல்லவா? மேனேஜர் முதலில் முறைத்தார், ஹாரனை ஒருமுறை கேட்டபின் அவரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

பைசலின் பாடுதான் சொல்லி மாளாது. வண்டி சேலம் போனால்தானே திரும்பி வரும், திரும்பி வந்தால்தானே அம்மா இறங்குவாள்? இல்லை, போனால் போனதுதானா? யாருக்கும் தெரியவில்லை. கடையில் போனைச் சாய்த்து வைத்து அம்மாவைப் பார்த்துக்கொண்டே ரீசார்ஜ் செய்வான். ஒருநாள் சிவசக்தியிடம், "அக்கா, நீங்க எப்ப..." என்று ஆரம்பித்துவிட்டுத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை, அவன் கேட்டது நியாயம் என்று பட்டதுதான் அவளைப் பயமுறுத்தியது. ரம்ஜான் மாசத்தில் அவளே போய் அவனைக் கூப்பிட்டாள். "நின்ன வண்டிக்கு ஜன்னல் வழியா எதையாச்சும் குடுக்கறதுதானே கண்ணு. வா" என்றாள்.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவன் டம்ளரில் நோன்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு அந்தச் சாலில் போய் நின்றான். பனி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை உயர்த்திப் பிடித்தான். ஒரு கை வாங்கிக்கொண்டது. விரல் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்லிச் சொல்லி அழுதான். சாயங்கால வீடியோவில் மைமூன் கஞ்சி குடித்தாள், ரைட்டருக்கும் கொஞ்சம் கொடுத்தாள். அப்டேட் சூப்பர் அண்ணா என்று யாரோ எழுதினார்கள். அடுத்த நாள் ரைட்டரின் சம்சாரம் மப்ளரைக் கொண்டுவந்தாள். இப்போது அது ஒரு ஸ்டாப் மாதிரியே ஆகிவிட்டது, வருகிறவர்கள் உட்காரக் கல் போட்டிருக்கிறார்கள்.

சின்னராஜுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. ஆனால் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பெண்டாட்டியை 'இந்தா பாரு' என்பதோடு சரி. அவள் பறிக்கும்போது பக்கத்தில் நின்று பையைப் பிடித்துக்கொள்கிறார். பனி இறங்கும், ஹாரன் அடிக்கும், அவருடைய குரலே பனிக்குள்ளிருந்து, "சிவா, எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க அம்மிணி" என்று கூப்பிடும். அவர் பையை இறுக்கிப் பிடிப்பார். அவள் செடியைவிட்டுத் தலையைத் தூக்காமல், "இதா வந்துட்டேனுங்க!" என்று சத்தமாகக் குரல் கொடுத்துவிட்டு, அடுத்த பழத்தைப் பறித்துப் பையில் போடுகிறாள்.